"விந்து முதிரேல்லை" எண்டு ரிப்போட்டில கிடக்கு: முதிர்ச்சி எண்டால் உள்ளுக்கு என்ன நடக்குது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

கோண்டாவிலான்
ஜனவரி 11, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். கலியாணம் செய்து 3 வருசமாப் போகுது, பிள்ளை இல்லை. இவ்வளவு நாளும் மனிசியைத்தான் கிளினிக் கிளினிக்காக் கொண்டு திரிஞ்சனாங்கள், ஸ்கான், ரத்தம், ஹோர்மோன் எல்லாம் பாத்து அவவில ஒண்டும் பிழையில்லை எண்டு சொன்னதுக்குப் பிறகுதான் எனக்கு ரெஸ்ற் எழுதித் தந்தவை. நேற்று ரிப்போட் வந்தது. ஒரு மில்லிலீற்றரில 18 மில்லியன், மொத்த அசைவு 31 வீதம், முன்னுக்குப் போற அசைவு 14 வீதம், வடிவம் சரியா இருக்கிறது 3 வீதம். கீழ பேனையால "இம்மெச்சூர்" எண்டும் எழுதி இருக்கு. தந்த இடத்தில ஒருத்தரும் ஒரு சொல்லு விளங்கப்படுத்தேல்லை, என்வலப்பை நீட்டிப்போட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டிட்டினம்.

நான் ஏஎல்ல கொமர்ஸ் படிச்சனான், எனக்கு உது விளங்காது. முதிரேல்லை எண்டால் இனி முதிராதோ? இவ்வளவு நாளும் அம்மா மனிசியைத்தான் குத்திக் குத்திக் கதைச்சவா, நயினாதீவு அம்மாளாச்சிக்கு நேர்த்தியும் வைச்சு அவவைத்தான் விரதம் பிடிக்கச் சொன்னவா, இப்ப இந்தக் கடுதாசியை நான் ஆருக்குக் காட்டுறது எண்டு தெரியேல்லை. நித்திரை வரேல்லை, அதுதான் இதில எழுதிறன்.

லாப்அக்கா
ஜனவரி 11, இரவு 11.05

தம்பி, முதல் நிம்மதியா இருங்கோ. ஒரு ரிப்போட்டை வைச்சு ஒருத்தரும் முடிவு சொல்லுறேல்லை. நான் 16 வருசமா லாப்பில வேலை, இந்தச் சாம்பிள் கன ஆயிரம் பாத்திட்டன். மூண்டு கேள்வி கேக்கிறன், வெக்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கோ. கடந்த 3 மாசத்துக்குள்ள கடுமையான காய்ச்சல் ஏதும் வந்ததோ? சாம்பிள் குடுக்க முதல் எத்தினை நாள் இடைவெளி விட்டனீங்கள்? குடுத்து எவ்வளவு நேரத்தால அவை பாத்தவை?

கோண்டாவிலான்
ஜனவரி 11, இரவு 11.31

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறன். டிசம்பர் தொடக்கத்தில டெங்கு வந்து 5 நாள் வாட்டில கிடந்தனான், பிளேற்லெட் 38 ஆயிரத்துக்கு இறங்கி மனிசி அழுது குழறினவா. பிறகு உடம்பு ஒரே களைப்பு, ஒரு மாசத்துக்குக் கிட்ட நாங்கள் சேரவேயில்லை. கவுண்டரில இருந்த பிள்ளை எத்தினை நாள் எண்டு கேட்டவா, பக்கத்தில ஆக்கள் நிண்டபடியால் வெக்கத்தில 3 நாள் எண்டு சொல்லிப்போட்டன். போத்தலைக் குடுத்தாப் பிறகு அது ஏசிக்கு நேர கீழ மேசையில முக்கால் மணித்தியாலத்துக்கு மேல கிடந்தது, நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், எனக்குத் தெரியாதுதானே அது பிழையெண்டு.

லாப்அக்கா
ஜனவரி 12, காலை 6.15

ஆ, மூண்டும் ஒண்டா விழுந்திருக்கு. வேலைக்குப் போக முதல் வடிவா எழுதிறன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாசியுங்கோ.

ஒரு விந்தணு விதைக்குள்ள தொடங்கி முழுசா உருவாக 74 நாளுக்குக் கிட்ட எடுக்கும். அதுக்குப் பிறகு விதைக்குப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு சுருண்ட குழாய் இருக்கு, பயோ படிச்ச பிள்ளையள் விதைமேற்றிணிவு எண்டு படிச்சிருப்பினம், கையால தடவினால் பின்னுக்கு ஒரு கயிறு மாதிரிப் பிடிபடும், அதைச் சுருள் அவிழ்த்து நீட்டினால் 6 மீற்றர் வரும். அதுக்குள்ளால ஊர்ந்து வர 2 நாளில இருந்து 12 நாள் வரைக்கும் போகும். அப்ப இண்டைக்குப் போத்தலுக்குள்ள விழுகிறது கிட்டத்தட்ட 3 மாசத்துக்கு முந்தித் தொடங்கினது. நீங்கள் காய்ச்சலில அனல் மாதிரிக் கொதிச்சுக்கொண்டு கிடந்த நேரம் உள்ளுக்கு ஆகவும் நுணுக்கமான வேலை நடந்துகொண்டிருந்தது, அந்தத் தொகுதிதான் இப்ப வெளிய வந்திருக்கு. விதை உடம்பைவிட 2, 3 பாகை குளிரா இருக்கோணும் எண்டுதான் வெளியில தொங்குது, காய்ச்சல் அதைக் கெடுத்துப்போடும்.

அந்த நுணுக்கமான வேலை என்னெண்டால் புரதம் மாத்திறது. எங்கட எல்லாக் கலத்திலயும் டிஎன்ஏ ஹிஸ்டோன் எண்ட புரதத்தைச் சுத்தி, நூல் கட்டையில நூல் சுத்தின மாதிரித்தான் இருக்கும். ஒரு விந்துக்குள்ள இருக்கிற டிஎன்ஏயை நீட்டினால் 1 மீற்றர் வரும், விந்தின்ர தலையோ ஒரு மில்லிமீற்றரில 200இல் ஒரு பங்கு. நூல் கட்டையளோட அதுக்குள்ள அடையாது. அதால உருவாகிற கடைசிக் கட்டத்தில ஹிஸ்டோனைக் கழட்டி, இடையில கொஞ்ச நேரத்துக்கு வேற புரதங்களை வைச்சு, பிறகு அதையும் கழட்டிப் புரோட்டமீன் எண்ட சின்னப் புரதத்தை வைக்கும். மனிசரில நூற்றுக்கு 85க்கு மேல இப்பிடி மாறும், மிச்சம் கொஞ்சம் ஹிஸ்டோனாவே இருக்கும். ஆஜினின் எண்ட அமினோ அமிலம் நிறைஞ்சபடியால் புரோட்டமீனுக்கு நேர் ஏற்றம் கூட, டிஎன்ஏக்கு எதிர் ஏற்றம், ரெண்டும் இறுக்கிக் கட்டிப்பிடிக்கும். பிறகு குழாய்க்குள்ளால வரேக்க புரோட்டமீனில இருக்கிற கந்தகங்கள் சோடி சோடியாப் பூட்டுப்பட்டுத் தலை இன்னும் இறுகும்.

கம்பஸில புரொஜெக்ற் செய்யேக்க அனிலின் நீலம் எண்ட சாயம் போட்டு நான் பாத்திருக்கிறன். ஹிஸ்டோன் போகாமல் மிஞ்சின தலையள் கடும் நீலமாப் பிடிக்கும், புரோட்டமீன் வடிவா ஏறின தலையள் சாயம் பிடிக்காமல் வெளிறின மாதிரிக் கிடக்கும். ஒரே ஸ்லைட்டில நீலமும் வெள்ளையுமா. சிலதில கழுத்தடியில ஒரு சின்னத் துளி ஒட்டிக்கொண்டிருக்கும், உருவாகேக்க உதறிவிட வேண்டிய கலச்சாறு உதறுப்படாமல் மிஞ்சினது. அப்பிடிக் கனக்கக் கண்டால் முதிரேல்லை எண்டு எழுதிறதுண்டு. எழுதினவை உங்களுக்கு ஒரு வசனம் சொல்லி இருக்கலாம். சொல்லாதது பிழைதான், அதுக்கு என்ர தொழில் ஆக்களுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்.

பயோப்பிள்ளை
ஜனவரி 12, மாலை 4.40

அக்கா நான் இந்த வருசம் ஏஎல் எடுக்கிறன். புத்தகத்தில "விதைமேற்றிணிவில் விந்துகள் சேமிக்கப்பட்டு முதிர்ச்சியடையும்" எண்டு ஒரே ஒரு வரிதான், நாங்கள் அதைப் பாடமாக்கிறம். புரோட்டமீன் விதைக்குள்ளயே ஏறிட்டுதெண்டால் பிறகு அந்த 6 மீற்றரில என்ன முதிருது? சும்மா நேரம்தானே போகுது?

மாஸ்டர்_உரும்பிராய்
ஜனவரி 12, இரவு 8.10

பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. இதே கேள்வியை வைச்சு 40 வருசத்துக்குக் கிட்ட விஞ்ஞானிகளே குழம்பினவை. அமெரிக்காவில வில்லியம் யங் எண்டவர் 1929இல இருந்து கினிப்பன்றியில அந்தக் குழாயைக் கட்டி விட்டுப் பாத்தவர். கட்டின இடத்துக்கு மேல நிண்ட விந்துகளும் நாள் போக அசையத் தொடங்கினதைக் கண்டு, குழாய் ஒண்டும் செய்யிறேல்லை, விந்துக்குத் தானா வயசு போறதுதான் முதிர்ச்சி எண்டு 1931இல எழுதினவர். நீர் சொன்ன அதே "நேரம்தானே போகுது". பிறகு 1967இல மரி கிளயர் ஒர்ஜெபான் கிறிஸ்ற் எண்ட அம்மாவும், மைக்கல் பெட்போட் எண்டவரும், ஆள் ஆளுக்குத் தனித்தனியா முயலில செய்து பாத்திச்சினம். மேல்பகுதியில மறிச்சு வைச்ச விந்து எவ்வளவு நாள் நிண்டாலும் கருக்கட்டிற தன்மை ஒழுங்கா வரேல்லை, கீழ்ப்பகுதிக்குள்ளால போனதுக்குத்தான் வந்தது. அப்ப நேரம் மட்டும் காணாது, அந்தக் குழாய் ஏதோ குடுக்குது.

என்ன குடுக்குது எண்டதுதான் வடிவான கதை. விந்துக்கு ஒரு விசேசம் இருக்கு, அது விதையை விட்டு வெளிக்கிடேக்க தன்ர சமையலறையைப் பூட்டிப்போட்டுத்தான் வெளிக்கிடுது. டிஎன்ஏ இறுக்கிக் கட்டியாச்சு, அதை வாசிக்கேலாது, புதுப் புரதம் தானாச் செய்யேலாது. சந்நிதியில இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போற சாமியளை யோசிச்சுப் பாரும், கையில ஒண்டும் கொண்டு போகாதுகள், வழியில ஊர்ச்சனம் குடுக்கிறதை வாங்கிச் சாப்பிட்டு, குடுக்கிற துணியைக் கட்டிக்கொண்டு நடந்து கடைசியில வேற ஆளாய்ப் போய்ச் சேருதுகள். விந்தின்ர பயணமும் அப்பிடித்தான். தேவையானதெல்லாம் வழியில குழாய்ச்சுவர்தான் குடுக்கோணும். சுவரில இருக்கிற கலங்கள் புரதம் சுரக்குது, அதோட எபிடிடிமோசோம் எண்டு நுண்ணிய கொழுப்புப் பொட்டளி கட்டியும் அனுப்புது, அந்தப் பொட்டளி விந்தின்ர தோலில ஒட்டி உள்ளடக்கத்தைக் குடுத்துப்போடும். குடுக்கிறதோட நிக்கேல்லை, ஏற்கெனவே இருக்கிற புரதங்களை வெட்டவும் செய்யுது. தலையில ஆடாம் 2 எண்டு ஒரு நீளமான புரதம் இருக்கு, நொதியங்கள் அதை இடையில வெட்டிக் கட்டையாக்கும். வாலிலயும் மாற்றம் இருக்கு. புரதங்களில ஒட்டின பொஸ்பேற்றைக் கழட்டுற ஒரு நொதியம் மேல்பகுதியில உசாராய் வேலை செய்து வாலை ஆட விடாமல் வைச்சிருக்கும், கீழ வரவர அந்த நொதியத்தின்ர வேலை அடங்கும், அப்பத்தான் நீந்திற தகுதி வருது.

2020இல யப்பான் ஆக்கள் எலியில ஒண்டு கண்டுபிடிச்சவை, அதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரையே வரேல்லை. குழாய் தானா வேலை தொடங்கிறேல்லையாம். விதையில வளருற கலங்கள் நெல் 2 எண்ட ஒரு புரதத்தை முன்கூட்டியே குழாய்க்குள்ள அனுப்பி விடுது, அது அங்க சுவரில இருக்கிற ரொஸ் 1 எண்ட வாங்கியில பிடிச்ச பிறகுதான் அந்தச் சுவர் முற்றி வளர்ந்து, வெட்டுற நொதியத்தைச் சுரக்கத் தொடங்குது. நெல் 2 இல்லாத ஆண் எலிக்கு விந்து இருக்கும், குட்டி இல்லை. "நாங்கள் வாறம், அடுப்பை மூட்டி வையுங்கோ" எண்டு முன்னுக்கு ஆள் அனுப்பின மாதிரி. ஒரு வரியில பாடமாக்கிற விசயமில்லைப் பிள்ளை இது, சோதினைக்கு அந்த ஒரு வரி காணும், ஆனால் இதைத் தெரிஞ்சு வைச்சுக்கொள்ளும்.

இணுவில்_கமம்
ஜனவரி 12, இரவு 9.02

மாஸ்டர் சொன்னது எனக்குப் பொயிலையால விளங்குது. பொயிலையை வெட்டின உடன சுருட்டுச் சுத்தேலாது. வாட்டி, தூக்கிக் கட்டி, குடிலுக்குள்ள பொச்சுமட்டை போட்டுப் புகை காட்டி, பிறகு இறக்கி அடுக்கிப் பாடம் போட்டு, சிப்பம் கட்டோணும். இலை அதே இலைதான், தோட்டத்தில விளைஞ்சதுதான், ஆனால் பதம் வாறது அந்தக் குடிலுக்குள்ள. மழைக்குள்ள புகை ஒழுங்காப் பிடிக்காட்டி அந்த முறைச் சிப்பம் முழுக்கப் பழுது. அதுக்காகத் தோட்டத்தைக் குறை சொல்லுறேல்லை, அடுத்த போகம் பாப்பம். தம்பி கோண்டாவிலான், அந்த மாதிரித்தான் இதையும் நினையுங்கோ.

லாப்அக்கா
ஜனவரி 12, இரவு 9.30

அண்ணை, இதை நான் இனிக் கவுண்டரில வாற ஆக்களுக்குச் சொல்லப் போறன், உண்மையா. ஒண்டு சேத்து விடுறன். அந்தக் குடிலுக்குள்ள, அதாவது அந்தக் குழாயின்ர கடைசி வாலடியில தான் விந்து தங்கி நிக்கிறது. கன நாள் வெளிய போகாமல் தேங்கினால் பழசாகி அசைவு குறையும், டிஎன்ஏ உடைவும் கூடும். அதுதான் 2 நாளில இருந்து 7 நாளுக்குள்ள எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர கைநூல் சொல்லுது. தம்பி ஒரு மாசம் விட்டுப்போட்டு 3 நாள் எண்டு சொன்னதால பாத்த ஆளுக்கும் அது தெரிய வாய்ப்பில்லாமல் போச்சு. வெக்கப்பட்டதுக்கு நான் பேசேல்லை, பொது இடத்தில வைச்சு அப்பிடிக் கேக்கிறதே பிழை.

பனையடி
ஜனவரி 13, காலை 7.50

எல்லாரும் பெரிய பெரிய புரதக் கதை சொல்லுறியள், நல்லது. ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் விடேலாது. எனக்கும் அசைவு குறைவு எண்டுதான் சொன்னவை. சித்த வைத்தியர் ஒராளிட்டை 3 மாசம் லேகியம் எடுத்தனான், முருங்கைப்பூவும் பாலில போட்டுக் குடிச்சனான், நாலாம் மாசம் ரெஸ்ற் நல்லா வந்தது, இப்ப மூத்தவன் முன்பள்ளிக்குப் போறான். அந்த வைத்தியரை நான் கும்பிடுறன். தம்பி, இதையும் யோசியுங்கோ.

லாப்அக்கா
ஜனவரி 13, மதியம் 1.15

பனையடி அண்ணை, உங்கட மகன் நல்லா இருக்கோணும், அந்த வைத்தியரில நீங்கள் வைச்ச நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டன். ஆனால் 3 மாசம் எண்ட அந்த எண்ணைப் பாருங்கோ. ஒரு சுற்று முழுசா மாற எடுக்கிற காலமும் அதேதான். முதல் ரெஸ்றுக்கு முன்னம் உங்களுக்கு ஒரு காய்ச்சலோ வேறயேதோ வந்து அது தானா மாறி இருந்தாலும் நாலாம் மாசம் ரிப்போட் நல்லாத்தான் வரும். மருந்து எடுத்த ஆக்களையும் எடுக்காத ஆக்களையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தால்தான் பிரிச்சுச் சொல்லலாம். அப்பிடிப் பாத்த ஒண்டு எனக்குத் தெரியும். அமெரிக்காவில 2,370 சோடியளை எடுத்து, ஆம்பிளையளில பாதிப் பேருக்குச் சிங்க்கும் போலிக் அசிட்டும், மற்றப் பாதிக்கு வெறும் குளிசையும் குடுத்து 6 மாசம் பாத்தவை, 2020இல முடிவு வந்தது. பிள்ளை பிறந்த கணக்கில வித்தியாசமில்லை, விந்தின்ர எண்ணிக்கை அசைவிலயும் இல்லை. ஆனால் அந்தக் குளிசை இண்டைக்கும் எங்கட பாமசிகளில போத்தல் போத்தலாப் போகுது, இருக்கிற காசைக் கொட்டிச் சனம் வாங்குது. எனக்கு நெஞ்சு எரியிறது அந்த இடத்திலதான்.

முருங்கைப்பூ நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கோ. லேகியம் எடுக்கிறதெண்டால் அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு கேட்டு எடுங்கோ.

பனையடி
ஜனவரி 13, மதியம் 2.40

எனக்கும் அந்த நேரம் சின்னமுத்து வந்து எழும்பினதுதான். நீங்கள் சொல்லத்தான் அது ஞாபகம் வருது அக்கா. ஆனாலும் அந்த மனிசன் என்னைப் பக்கத்தில இருத்தி ஒரு மணித்தியாலம் கதை கேட்டவர், வேற ஒருத்தரும் கேக்கேல்லை. அதைச் சொல்லத்தான் வேணும்.

சினைஊசி_வரணி
ஜனவரி 14, காலை 5.30

பொங்கல் வாழ்த்துக்கள் எல்லாருக்கும். நான் மாட்டுக்குச் சினை ஊசி போடுற வேலை, 20 வருசம். மனிசரைப் பற்றித் தெரியாது, மாட்டைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டால் இதில புரதம் எங்கட கண்ணுக்கு முன்னாலயே வேலை செய்யுது. காளையின்ர விந்தை எடுத்து உறைய வைக்க முதல் முட்டை மஞ்சள் கரு கலந்த கரைசலில கலப்பினம். ஏன் முட்டை எண்டு நான் தொடக்கத்தில சிரிச்சனான். ரெயினிங்கில விளங்கப்படுத்தினவை. சுக்கிலப்பாயத்தில, அதாவது விந்தோட வாற தண்ணியில, ஒரு கூட்டம் புரதங்கள் இருக்கு, அதுகள் விந்தின்ர தோலில இருந்து கொலஸ்ரோலை உருவி எடுக்கும். பசுவுக்குள்ள போன பிறகு அது நடக்கத்தான் வேணும், ஆனால் போத்தலுக்குள்ள வைச்சே நடந்தால் தோல் மெலிஞ்சு குளிருக்கு வெடிச்சுப்போகும். முட்டைக் கருவில இருக்கிற கொழுப்புப் புரதம் அந்தக் கள்ளப் புரதங்களைப் பிடிச்சுக் கட்டி வைச்சிருக்கும். கனடாவில மஞ்சுநாத் எண்ட ஒரு ஆராய்ச்சியாளர் இதைக் கண்டு சொன்னவர்.

நைதரசன் தாங்கிக்குள்ள இருந்து உறைஞ்ச விந்து அடைச்ச ஸ்ரோவை எடுத்து 37 பாகைத் தண்ணிக்குள்ள அரை நிமிசம் போட்டு எடுக்கிறனான். பனி கரையிற அந்த அரை நிமிசத்தில எனக்கு இப்பவும் ஒரு பயம் வரும், கொஞ்சம் பிசகினால் பசு அடுத்த முறை சினைக்கு வருமட்டும் அந்த வீட்டுக்காரர் இன்னும் 21 நாள் பாத்துக்கொண்டிருக்கோணும். அதால தம்பி, உங்கட போத்திலை ஏசிக்குக் கீழ வைச்சது எனக்குச் சரியான கவலை. மாட்டுக்கே நாங்கள் அப்பிடிச் செய்யிறேல்லை.

கோண்டாவிலான்
ஜனவரி 14, இரவு 9.15

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துக்கள், இண்டைக்கு மனிசியையும் பக்கத்தில இருத்தி எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினனான். அவ கேக்கிறா, முதிர்ந்து வெளிய வந்திட்டுதெண்டால் அதோட சரியோ, இல்லாட்டி பொம்பிளையின்ர உடம்பிலயும் ஏதும் நடக்கோணுமோ எண்டு.

லாப்அக்கா
ஜனவரி 15, இரவு 7.45

தங்கச்சி சரியாப் பிடிச்சிட்டா. பாதி வேலை அங்கதான். வெளிய வந்த உடன விந்து முட்டையோட சேர ஏலாது, பொம்பிளையின்ர உடம்புக்குள்ள சில மணித்தியாலம் நிண்டால்தான் அந்தத் தகுதி வரும். இதை 1951இல சாங் எண்டவரும் ஒஸ்ரின் எண்டவரும் வேற வேற நாட்டில இருந்து ஒரே வருசம் கண்டவை.

வெளிய வந்த நேரத்தில இருந்து சொல்லுறன். முதல் அது கட்டி மாதிரி உறையும், செமினோஜெலின் எண்ட புரதம்தான் அந்தக் கட்டி. 15, 30 நிமிசத்தில தண்ணியாக் கரையும். கரைக்கிற நொதியம் பிஎஸ்ஏ. ஓம், வயது போன ஐயாக்களுக்குப் புரொஸ்ரேற் பாக்க ரத்தத்தில எடுக்கிற அதே பிஎஸ்ஏதான், அதின்ர உண்மையான தொழில் இது. லாப்பில நான் போத்திலைச் சரிச்சுப் பாப்பன், நூல் மாதிரி இழுபட்டால் இன்னும் கரையேல்லை, சொட்டுச் சொட்டா விழுந்தால் பாக்கலாம். அதுக்குப் பிறகு கர்ப்பப்பை வாசல் சளி. அதுக்குள்ளால போக விந்துக்கு ஒரு போர்வை வேணும், பீற்றா டிபென்சின் 126 எண்ட புரதம், மாஸ்டர் சொன்ன அந்த 6 மீற்றர் குழாய் போத்தி விடுறதுதான். பொம்பிளையின்ர நோயெதிர்ப்புக் கலங்கள் அந்நிய ஆள் எண்டு பிடிக்காமல் இருக்கவும் அதுதான் உதவி. 2011இல ஒரு ஆய்வு வந்தது, இந்தப் போர்வையின்ர மரபணு ரெண்டு பக்கத்தாலயும் பிழைச்ச ஆம்பிளையளின்ர மனிசிமாருக்குப் பிள்ளை தங்க நாள் கூட எடுத்தது எண்டு. மைக்கிறஸ்கோப்பில அவையின்ர எண்ணிக்கையும் அசைவும் மற்ற ஆக்களை மாதிரித்தான். அதாவது நான் நாள் முழுக்கக் குனிஞ்சு எண்ணி எழுதிற ரிப்போட்டில அது தெரியவே தெரியாது. இதை வாசிச்ச பிறகு "நோர்மல்" எண்டு எழுதேக்க எனக்குக் கை கொஞ்சம் நிண்டுதான் எழுதும்.

பிறகு போர்வை கழரும், கொலஸ்ரோல் குறையும், வாலில இருக்கிற புரதங்களில பொஸ்பேற் ஏறும், வால் சாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கத் தொடங்கும். தலை நுனியில இருக்கிற உச்சிமூர்த்தம் எண்ட நொதியப் பை திறக்கேக்க இசுமோ எண்ட புரதம் வெளிய தெரியும். யப்பானில கலியாணத்துக்குக் கும்பிடுற இசுமோ கோயிலின்ர பேரைத்தான் 2005இல அதுக்கு வைச்சவை. முட்டையில அதைப் பிடிக்கிற புரதத்தை 2014இல இங்கிலாந்தில கண்டு யூனோ எண்டு பேர் வைச்சினம், அது ரோமாக்களின்ர கலியாணத் தெய்வம். உங்கட அம்மாவின்ர நேர்த்தியை நான் குறைவாச் சொல்லேல்லைத் தம்பி, லாப்பில இருக்கிற ஆக்களுக்கும் அந்த இடத்தில தெய்வத்தின்ர பேர்தான் வந்திருக்கு.

ஸ்காபரோ_அன்ரி
ஜனவரி 16, காலை 3.10

நான் கனடாவில நேர்ஸா இருந்து இப்ப ரிட்டயர். புரோட்டமீன் எண்ட பேரைக் கண்டவுடன எழுத வேணும் போல கிடந்தது. ஊரில எத்தினை வீட்டில மிக்ஸ்ராட் இன்சுலின் பிரிட்ஜுக்குள்ள இருக்கு. ஊசி போட முதல் அந்தப் போத்திலை உள்ளங்கைக்குள்ள வைச்சு உருட்டுறனீங்கள்தானே, அடியில வெள்ளையாய் கலங்கலாய் இருக்குமே, அந்தக் கலங்கல்தான் இன்சுலினும் புரோட்டமீனும் சேந்த பளிங்கு. மீனின்ர விந்தில இருந்து எடுக்கிற புரோட்டமீன். 1936இல டென்மார்க்கில ஹகடோன் எண்ட டொக்டர் இன்சுலின் மெதுவா வேலை செய்யோணும் எண்டு இதைச் சேத்தவர். அதுக்கும் முந்தி, 1874இல, சுவிஸில மீஷர் எண்டவர் ரைன் ஆத்துச் சாமன் மீனின்ர விந்தில இருந்துதான் முதன்முதல் புரோட்டமீனைப் பிரிச்சு எடுத்தவர். நான் வேலை செய்த தியேட்டரில இருதய ஒப்பரேசன் முடிய, ரத்தம் உறையாமல் இருக்கக் குடுத்த ஹெப்பரின் எண்ட மருந்தை முறிக்கவும் அதே புரோட்டமீன்தான், மெள்ள மெள்ள ஏத்தோணும், மீன் ஒவ்வாமை இருக்கோ, குடும்பக்கட்டுப்பாட்டு ஒப்பரேசன் செய்தவரோ எண்டு முன்னமே கேட்டுக்கொள்ளுவம். என்ர அம்மா கொக்குவிலில 19 வருசம் அந்தப் போத்திலை உருட்டினவா, அதுக்குள்ள என்ன கிடந்தது எண்டு எனக்கே அப்ப தெரியாது.

ஜிம்_திருநெல்வேலி
ஜனவரி 18, இரவு 11.50

அக்கா ஒண்டு கேக்கோணும். ஜிம்மில ஒராள் டெஸ்டோஸ்டரோன் எண்ட ஆண் ஹோர்மோன் ஊசி போட்டால் ஆம்பிளைத்தன்மை கூடும், இதுக்கும் நல்லது எண்டு சொல்லுறார். 4 மாசமாப் போடுறன். அடுத்த வருசம் கலியாணம்.

லாப்அக்கா
ஜனவரி 19, காலை 6.05

தம்பி இண்டைக்கே டொக்டர் ஒராளிட்டைப் போங்கோ. வெளியில இருந்து ஊசியால ஏத்தினால் காணும் எண்டு மூளை நினைச்சு விதைக்கு அனுப்பிற ஹோர்மோனை நிப்பாட்டும், விதைக்குள்ள விந்து உருவாகிறது நிக்கும், விதையும் சுருங்கும். ஊசி போட்ட ஆக்களில ஒரு விந்து கூட இல்லாத சாம்பிள் நான் பாத்திருக்கிறன், 26, 27 வயசுப் பெடியள். நிப்பாட்டினால் கன பேருக்குத் திரும்பி வரும், மாசக்கணக்கு எடுக்கும். அந்த ஆளோட சண்டைக்குப் போகாதேங்கோ, ஊசியை மட்டும் விடுங்கோ, டொக்டரிட்டை ஒண்டும் ஒளிக்காதேங்கோ.

பயோப்பிள்ளை
ஜனவரி 19, மாலை 5.20

மாஸ்டர் இன்னொண்டு. முதிராத விந்தால ஒண்டும் ஏலாதெண்டால், விதைக்குள்ள இருந்தே ஊசியால விந்து எடுத்துப் பிள்ளை உண்டாக்கினம் எண்டு கேள்விப்பட்டனே, அது எப்பிடி?

மாஸ்டர்_உரும்பிராய்
ஜனவரி 19, இரவு 8.45

ஓம், 1992இல பிரசெல்சில இருந்து வந்த முறை, ஒரே ஒரு விந்தை ஊசிக்குள்ள எடுத்து முட்டைக்குள்ள நேர வைக்கிறது. நீந்தத் தேவையில்லை, போர்வை தேவையில்லை, இசுமோவும் தேவையில்லை, அந்தத் தோல் புரதங்கள் செய்யிற வேலை எல்லாத்தையும் டொக்டரின்ர கை செய்யுது. ஆனால் தலைக்குள்ள இருக்கிற டிஎன்ஏப் பொதி சரியா இருக்கத்தான் வேணும், முட்டையை எழுப்பி விடுற பிஎல்சி சீற்றா எண்ட புரதமும் இருக்கோணும், அது இல்லாட்டி ஊசியால வைச்சும் முட்டை நித்திரைதான். உள்ளுக்குப் போன பிறகு புரோட்டமீனுக்கும் வேலை முடிஞ்சுது, முட்டை அந்தக் கந்தகப் பூட்டுகளைக் கழட்டி, புரோட்டமீனை அகற்றி, தன்ர ஹிஸ்டோனைப் போட்டுத் தகப்பன்ர டிஎன்ஏயைத் திரும்ப நூல் கட்டையில சுத்தும். தாயின்ர கட்டை, தகப்பன்ர நூல்.

கோண்டாவிலான்
மே 3, இரவு 8.30

கன நாளைக்குப் பிறகு வாறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. லாப்அக்கா சொன்ன மாதிரி டொக்டரிட்டைக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னனான், அவரும் 3 மாசம் விட்டுத் திரும்பச் செய்யச் சொன்னவர். போன கிழமை செய்தது. இந்த முறை 4 நாள் இடைவெளி, உண்மையான 4 நாள். லாப்பிலயே தனி அறை இருக்கிற இடமாப் பாத்துப் போனனான். மில்லிலீற்றருக்கு 41 மில்லியன், மொத்த அசைவு 49, முன்னுக்குப் போறது 34, வடிவம் 4. பேனையால ஒண்டும் எழுதேல்லை. டொக்டர் இது காணும், இன்னும் கொஞ்ச மாசம் தானாப் பாப்பம் எண்டு சொன்னவர்.

முதல் ரிப்போட்டை ஜனவரியிலயே அம்மாவுக்குக் காட்டிப்போட்டன். ஒண்டும் பேசேல்லை, கனநேரம் வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தவா, பிறகு குசினிக்குள்ள போய் மனிசிக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவா. நயினாதீவுக்கு நாங்கள் மூண்டு பேரும்தான் போட்டில போனனாங்கள், விரதம் இந்த முறை நானும் பிடிச்சனான்.

அக்கா, பழைய ரிப்போட்டைக் கிழிச்சு எறியட்டோ?

லாப்அக்கா
மே 3, இரவு 9.10

எறியாதேங்கோ தம்பி. ரெண்டையும் ஒரே பைலில வைச்சு, முதலாவதில மூலையில "டெங்குவுக்கு 5 கிழமையால எடுத்தது, இடைவெளி ஒரு மாசம்" எண்டு உங்கட கையால எழுதி விடுங்கோ. இனிப் பாக்கிற டொக்டருக்கு அந்த ஒரு வரி வேணும். தங்கச்சியை நான் கேட்டதாச் சொல்லுங்கோ.